கிராஃபீன் பேட்டரியும் எடைத்தராசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னையில் மின்ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் ‘கிராஃபீன் பேட்டரி’ என்ற பெயரை அடிக்கடி கேட்கிறார்கள். விலை குறைந்த வண்டிகளில் அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் ஈய அமில பேட்டரிகள்தாம். தகட்டுப் பசையில் கொஞ்சம் கிராஃபீனோ (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) வேறு கரியோ கலந்திருக்கும். அதனால் சல்ஃபேட் படிவது குறையும், ஈயம் லித்தியமாகிவிடாது. தூக்கிப் பார்த்தாலே தெரியும்: 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று 6 முதல் 7 கிலோ வரை இருக்கும். அதே திறனுள்ள லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட இராது.

பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் தேய்வது இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் இடைமுகத்தில். லித்தியம் பேட்டரியின் எதிர்மின்வாயாக உள்ள கிராஃபைட் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் படிகிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அது சிதைந்து மறுபடி வளரும். வளரும்போதெல்லாம் லித்தியத்தைத் தின்னும்.

இந்த இடைமுகத்தைத் திருத்த அயனிக்கற்றை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை வேகமாகப் பாய்ச்சும் கற்றை, அருமையான கருவி. எந்தத் தனிமம், எவ்வளவு, என்ன ஆழம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். நிக்கல் படலத்துக்குள் கார்பன் அயனிகளைச் செலுத்தி, வெற்றிடத்தில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆறவிட்டால், கார்பன் மேற்பரப்புக்கு வந்து கிராஃபீனாகப் படியும். ஓர் அடுக்குக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 3.8×10¹⁵ அணுக்கள் வேண்டும். 1 மைக்ரோஆம்பியர் கற்றை நொடிக்கு 6.24×10¹² அயனிகள் தருவதால், பத்து நிமிட வேலை. தவறு நேர்வது மின்னோட்டத்தை அளப்பதில்தான். மாதிரியிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களைத் திருப்பியனுப்ப எதிர்மின்னழுத்த வளையம் வைக்காவிட்டால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அடுக்கு நிறையுமுன்னே நிறுத்திவிடுவோம். நிக்கலின் படிக எல்லைகளில், அதாவது அதன் நுண்படிகங்கள் சந்திக்கும் கோடுகளில், கார்பன் குவிவது இன்னொரு தொல்லை: அங்கே பல அடுக்கு, பக்கத்தில் வெறுமை. படலத்தை முதலிலேயே சூடாக்கிப் படிகங்களைப் பெரிதாக்கினால் இது குறையும்.

ஏற்கெனவே உள்ள ஒற்றை அடுக்குக் கிராஃபீனின் தடிமன் 0.34 நானோமீட்டர்தான். அதில் நைட்ரஜனைப் பொருத்தச் அயனிக்குச் சில பத்து எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும். ஆயிரக்கணக்கில் ஏற்றினால் அயனி துளையிட்டுக்கொண்டு போய்விடும்.

பேட்டரிக்கு இதில் ஒரு வரம்பு உண்டு. கற்றை நேர்கோட்டில்தான் செல்லும். மேற்பரப்பில் நானோமீட்டர் கணக்கிலேயே நின்றும்விடும். மின்வாய்ப் பூச்சோ துளைகள் நிறைந்தது, 50 மைக்ரோமீட்டருக்கு மேல் தடிமன். எனவே உலோகத் தாள், திட மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் திடப்பொருள்) போன்ற வழவழப்பான பரப்புகளுக்கே இது ஏற்றது. கார்பனில் அளவு மீறிச் செலுத்தினால் குறைபாடுகள் பெருகி, முதல் சார்ஜில் இழக்கும் லித்தியமும் கூடும்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 மெகாவோல்ட் அயனி முடுக்கி இருக்கிறது. நம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் அதைப் பார்க்கவும், அங்கு ஆய்வுத்திட்டம் செய்யவும் கல்லூரிகள் வழி செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும், ‘கிராஃபீன்’ என்று செய்தி வெளியிடும்போது பேட்டரியின் வேதியியல் வகை, எடை, எத்தனை சார்ஜ் சுழற்சிக்கு உத்தரவாதம் என்ற மூன்றையும் கேட்டு அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொருளறிவியல் ஆசிரியர்கள் இருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81