வேண்டாததை விலக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலக மென்பொருளை நிறுவும்போது, நாம் கேட்காத செயலிகளும் சேர்ந்தே கணினியில் இறங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. வேர்டும் எக்ஸெலும் மட்டுமே தேவைப்படும் தட்டச்சு நிலையங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும்கூட, வாங்கும் பதிப்பைப் பொறுத்து மின்னஞ்சலுக்கான அவுட்லுக், தரவுத்தளத்துக்கான ஆக்சஸ், குறிப்பெடுக்கும் ஒன்நோட் என ஒரு பட்டாளமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான்கு ஜிபி நினைவகத்துடன் ஓடும் பழைய கணினிகளை வைத்துக் காலம் தள்ளுவோருக்கு இது வெறும் எரிச்சல் அல்ல, வேலைத் தடை.

முன்பு இப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010 பதிப்பைக் குறுந்தகட்டிலிருந்து நிறுவியவர்களுக்கு நினைவிருக்கும். 'கஸ்டமைஸ்' பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் பகுதிகள் அனைத்தும் கிளை கிளையாக விரியும். வேண்டாததன் அருகே சிவப்புப் பெருக்கல் குறியை வரவழைத்துவிட்டால் அது நிறுவப்படாது. 2013க்குப் பின் பரவலான, முழுத் தொகுப்பையும் இணையம் வழியாக ஒரே மூச்சில் நிறுவும் 'கிளிக் டு ரன்' முறையில் அந்தப் பட்டியலே காணாமல் போயிற்று. இன்று ஆக்சஸ் வேண்டாம் என்றால், 'ஆபீஸ் டிப்ளாய்மென்ட் டூல்' என்ற தனிக்கருவியைத் தரவிறக்கி, விலக்க வேண்டிய செயலிகளின் பெயர்களை எக்ஸ்எம்எல் எனப்படும் குறியீட்டு வடிவக் கோப்பில் குறித்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் கட்டளை கொடுத்து நிறுவ வேண்டும். வழி இருக்கிறது என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம். சாதாரணப் பயனர் எத்தனை பேருக்கு அது எட்டும்?

எதிர்ப்பு வலுத்தால் நிறுவனம் இறங்கி வரும் என்பதற்கும் சான்று உண்டு. நிறுவனங்களுக்கான ஆபீஸ் 365 புரோபிளஸ் உள்ள கணினிகளில், குரோம் உலாவியின் தேடலைத் தனது தேடுபொறியான பிங்குக்கு மாற்றும் நீட்சியை (உலாவியில் சேரும் துணை நிரலை)த் தானாகவே நிறுவப்போவதாக 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறுவனங்களின் கணினி நிர்வாகிகள் கொதித்தெழவே, அடுத்த மாதமே அது பின்வாங்கியது. குழு உரையாடலுக்கும் காணொலிக் கூட்டத்துக்குமான டீம்ஸ் செயலியை ஆபீஸுடன் கட்டி விற்பதாக, அதற்குப் போட்டியான செயலியை நடத்தும் ஸ்லாக் நிறுவனம் அதே ஆண்டு ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. ஆணையம் 2023இல் முறையான விசாரணையைத் தொடங்கிய பிறகுதான், முதலில் ஐரோப்பாவிலும் 2024 ஏப்ரலில் பிற நாடுகளிலும் டீம்ஸ் இல்லாத வணிகச் சந்தாக்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் பழக்கம் விடவில்லை. மைக்ரோசாஃப்ட் 365 செயலிகள் உள்ள விண்டோஸ் கணினிகளில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் தானாக நிறுவும் திட்டத்தை அந்நிறுவனம் 2025இல் அறிவித்தபோது, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் விலக்கு அளித்தது. அங்கே முடிகிறதென்றால் இங்கே முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செயலிகளை மொத்தமாகத் திணித்தது உள்ளிட்ட நடைமுறைகளுக்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், அதே கண்கொண்டு அலுவலக மென்பொருளையும் பார்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், ஆயிரக்கணக்கில் உரிமங்கள் வாங்கும் அரசுத் துறைகள் தங்கள் ஒப்பந்தப்புள்ளியிலேயே, நிறுவும்போது ஒவ்வொரு செயலியையும் தேர்ந்தெடுக்கவும் விலக்கவும் திரையிலேயே வசதி இருக்க வேண்டும் என்றும், பின்னர் புதுப்பிப்பின் பெயரால் எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கலாம்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.