பிரிண்டர் ஓடலன்னா லினக்ஸை அழிக்கணுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கோத்தகிரியில சின்னதா ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன், உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில விடாம படிக்கிறவன். போன வாரம் கூடலூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார், பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்கு பதிலா போடுற லினக்ஸ்ங்கிற இலவச ஓஎஸ்ஸ (கம்ப்யூட்டர ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) போட்டதுக்கு அப்புறம் பிரிண்டர் ஒரு நாள் ஓடுது ஒரு நாள் ஓட மாட்டேங்குதுன்னு. அதுக்கு வந்த பதில் ரெண்டே வரி. லினக்ஸ்ல பிரிண்டர் தகராறு சகஜம், பழைய ஓஎஸ்ஸுக்கே மாறிடுங்கன்னு முடிச்சிட்டாங்க. படிச்சதும் சுருக்குனு இருந்துச்சுங்க. ஒரு நாள் ஓடுதுன்னு அவரே சொல்றாரு, அப்ப பிரிண்டரோட பேசுற சாஃப்ட்வேரான டிரைவர் இருக்கு, அந்த பிரிண்டர் யாருன்னு லினக்ஸுக்கு நல்லாவே தெரியுதுன்னுதானே அர்த்தம்? ஓடுற நாளுக்கும் ஓடாத நாளுக்கும் நடுவுல என்ன மாறுச்சுன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்துன கதையால்ல இருக்கு.

இத இப்ப எழுதுறதுக்கு காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பு வேணும், பிராசஸர் புதுசா இருக்கணும், நம்ம மலையில கடையிலயும் வீட்லயும் கெடக்குற பாதி மெஷினுக்கு அது ஆகாது. அதனால மின்ட், உபுண்டுனு லினக்ஸ் வகைக்கு மாறுறவங்க கொஞ்சம் கொஞ்சமா கூடிட்டு வர்றாங்க. மாறிட்டு திரும்பி ஓடுறவங்களையும் நான் பாக்குறேன், அவங்க யாரும் ஓஎஸ் புடிக்கலன்னு ஓடல. பிரிண்டரோ ஸ்கேனரோ எடை மெஷினோ ஒண்ணு மக்கர் பண்ணும், உடனே சிபியுவ தூக்கி பஸ்ல வச்சுக்கிட்டு மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்னு கீழ எறங்கிடுறாங்க, அங்க ஒருத்தர் கள்ள விண்டோஸ் ஒண்ண போட்டு குடுத்து காச வாங்கிடுவார். சர்வீஸ் ஆள மேல வரச் சொன்னா 2024 மே மாசத்துல இருந்து வெளி வண்டிக்கு இ-பாஸ் வேற எடுக்கணும், அதனால அவரும் வர யோசிக்கிறார்.

லினக்ஸ்ல பிரிண்டிங்னாலே தகராறுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. உள்ள பிரிண்டிங்க பாத்துக்கிறது கப்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், 1999ல வெளிய வந்தது, அதையேதான் ஆப்பிள்காரங்களும் 2002ல மேக்ல எடுத்துக்கிட்டாங்க, 2007ல வெலைக்கே வாங்கிட்டாங்க. அதாவது மேக்ல அச்சடிக்கிற பெரிய பெரிய டிசைன் கம்பெனியும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வருமானச் சான்றிதழ் அச்சடிக்கிற நானும் ஓட்டுறது ஒரே குடும்பத்து சரக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க பக்கம் ஒரு தேயிலை எடை போடுற எடம், பேரு வேண்டாம். சிறு விவசாயிங்க சாயங்காலம் பச்சை எலைய மூட்டை மூட்டையா கொண்டாந்து போடுவாங்க, எடை மெஷின்ல இருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்கு போகும், கிலோ தானா பில்லுல ஏறும். அங்க கம்ப்யூட்டர் பாத்துக்கிற பையன் உபுண்டு 22.04 போட்டிருக்கான், அன்னைக்கே எடை வர்றது நின்னு போச்சு. எனக்கு போன் பண்றான். "அண்ணா, எலை வண்டி வர்றதுக்குள்ள பழைய விண்டோஸையே போட்டு குடுத்துருங்கண்ணா, எல்லாரும் என்னையதான் திட்டுறாங்க." போயி பாத்தா எடை மெஷின் பளிச்சுனு நம்பர் காட்டுது, கம்ப்யூட்டர் பக்கம்தான் ஒண்ணும் வரல. தம்பி, அந்த ஒயர ஒரு தடவ கழட்டி மாட்டு, நான் ஸ்கிரீன பாக்குறேன்னு சொல்லிட்டு கமாண்ட் அடிக்கிற ஜன்னலான டெர்மினல்ல டி (டாக்டர்ல வர்ற டி), எம், இ, எஸ், ஜி அப்படிங்கிற கமாண்ட, முன்னாடி அட்மின் அனுமதிக்கு சூடோவும் பின்னாடி மைனஸ் டபிள்யூவும் போட்டு ஓட விட்டேன். கம்ப்யூட்டர்ல எதை மாட்டுனாலும் கழட்டுனாலும் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் அங்க வரி வரியா எழுதிட்டே வரும்.

அவன் மாட்டுன ஒடனே வந்துச்சு, ஒயர்ல இருக்குற சிஹெச்341 கன்வெர்ட்டர் சிப்பு வந்தாச்சு, டிடிஒய் யூஎஸ்பி 0ங்கிற போர்ட்ல ஒக்காந்தாச்சுன்னு. அதுக்கு அடுத்த வரியில பி, ஆர், எல், டி, டி, ஒய்னு ஒரு பேரு. அதுக்கும் அடுத்த வரி, டிஸ்கனெக்டட். கண் இமைக்கிற நேரம்தான், மாட்டுன ஒயர யாரோ உள்ளுக்குள்ளயே புடுங்கி விட்டாச்சு.

யாருன்னு பாத்தா அது ரொம்ப நல்ல ஆளு. கண்ணு தெரியாதவங்க விரலால தடவி படிக்கிற பிரெய்லி டிஸ்பிளேவுக்கான புரோகிராம் அது, உபுண்டுல கூடவே வந்துடும். அந்த மாதிரி ஒரு பிரெய்லி மெஷினும் நம்ம எடை ஒயர்ல இருக்குற மலிவு சிப்பும் கம்ப்யூட்டருக்கு காட்டுற அடையாள நம்பர் ஒண்ணு, 1ஏ86:7523. அதனால பிரெய்லி மெஷின்தான் வந்திருக்குன்னு நெனச்சு அது புடிச்சு வச்சுக்குது. 22.04 வந்தப்ப ஒலகம் பூரா இந்த ஒயர் வச்சிருந்தவங்க மாட்டுன விவகாரம் இது. அந்த மெஷின்ல பிரெய்லி யாருக்கும் தேவையில்லைன்னு கேட்டுட்டு அந்த புரோகிராம எடுத்து விட்டேன், ஒயர மறுபடி மாட்டச் சொன்னேன், இந்த தடவ டிஸ்கனெக்டட் வரல. யாராவது அத பயன்படுத்துற எடமா இருந்தா எடுத்துடாதீங்க, அதோட ரூல் ஃபைல்ல அந்த ஒரு நம்பர மட்டும் அடைச்சு வச்சா போதும். அப்புறமும் எடை வரல, ஏன்னா அந்த பையனோட யூசர் டயல்அவுட்ங்கிற குரூப்புல இல்ல, எடை வர்ற அந்த சீரியல் போர்ட்ட தொட அதுல இருக்கணும், சேத்து விட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வந்ததும் கிலோ ஏற ஆரம்பிச்சுது. லாக் அவுட் பண்ணாம சேத்தாச்சு சேத்தாச்சுன்னு ஒக்காந்திருந்தா ஒண்ணும் ஆகாது, நெறைய பேர் அங்கதான் நின்னு போறாங்க. கிலோவுக்கு பதிலா கிறுக்கல் எழுத்து வந்துச்சுன்னா பாட் ரேட், அதாவது ரெண்டு பக்கமும் பேசுற வேகம், ஒத்துப் போகலன்னு அர்த்தம், சரியான வேகம் எடை மெஷின் புக்குல போட்டிருக்கும்.

கூடலூர் வாசகருக்கு இப்ப வர்றேன். அவரு பிரிண்டர் ஒயர்லயா வைஃபையிலயான்னு உங்க பதில்ல கேக்கவே இல்ல. வைஃபைன்னா எனக்கு உடனே சந்தேகம் கரண்டு மேலதான் வரும். 1932லயே பைக்காராவுல கரண்டு எடுத்த மாவட்டம் இது, ஆனா காத்து மழை அடிச்சா ஒரு கற்பூர மரம் லைன் மேல சாஞ்சு கூடலூர், பந்தலூர் பக்கம் இருட்டாயிடும், அது அவருக்கே தெரியும். கரண்டு போயி வந்தா ரவுட்டர் புதுசா எழுந்திருக்கும், பிரிண்டருக்கு நெட்வொர்க் அட்ரஸா நேத்து 192.168.1.5ங்கிற நம்பர குடுத்தது இன்னைக்கு 192.168.1.8 குடுக்கலாம். கம்ப்யூட்டர்ல பிரிண்டர சேக்கும்போது பழைய நம்பரையே நேரா போட்டிருந்தா அது இன்னும் பழைய வீட்டு கதவையே தட்டிட்டு இருக்கும். ரவுட்டர் செட்டிங்ல அந்த பிரிண்டருக்கு ஒரு நம்பர நிரந்தரமா ஒதுக்கி வைங்க, இல்லன்னா பிரிண்டர அழிச்சிட்டு நம்பர் போடாம, அதுவா தேடி காட்டுற பேர்லயே மறுபடி சேத்துக்குங்க.

யூஎஸ்பி ஒயர்னா கதை வேற. அச்சாகிட்டு இருக்கும்போதே கரண்டு போச்சுன்னா அந்த வேலை பாதியில நின்னுடும். கப்ஸ்ல எர்ரர் பாலிசின்னு ஒரு செட்டிங் இருக்கு, அது ஸ்டாப் பிரிண்டர்னு இருந்தா ஒரு வேலை கெட்டதும் வரிசையில நிக்கிற வேலைங்க, அதாவது மொத்த கியூவும், அப்படியே நிறுத்தி வச்ச நிலைமைக்கு (பாஸ்) போயி ஒக்காந்துக்கும். பிரிண்டர்ல பச்சை லைட் எரியும், பேப்பர் இருக்கும், இங்க் இருக்கும், ஒண்ணும் வராது. பிரவுசர் தொறந்து அட்ரஸ் எடத்துல லோக்கல்ஹோஸ்ட்:631ன்னு அடிங்க, நெட்டே வேண்டாம், அது உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்குற பக்கம். பிரிண்டர்ஸ்ல போனா பாஸ்டுன்னு எழுதியிருக்கும், ரெஸ்யூம் குடுத்தா ஓடும். அதே பக்கத்துல பாலிசிய ரீட்ரை ஜாப்னு மாத்திட்டா இனிமே கரண்டு வந்ததும் அதுவே மறுபடி முயற்சி பண்ணும். ஆனா ரெஸ்யூம் குடுக்குறதுக்கு முன்னாடி கியூவுல என்ன கெடக்குன்னு பாத்து அழிச்சிடுங்க, ஏன்னா வரலைங்கிற கோபத்துல நம்மாளுங்க பிரிண்ட் பட்டன அமுக்கி அமுக்கி விட்டிருப்பாங்க, ஓட ஆரம்பிச்சதும் அதே ஆதார் காப்பி கத்தை கத்தையா வந்து விழும், பேப்பர் விக்கிற வெலைக்கு.

ஈரத்தையும் சொல்லணும். கீழ இருக்குறவங்களுக்கு இது புரியாது. பனியும் மூடுபனியும் மழையுமா இருக்குற எடத்துல யூஎஸ்பி முனையெல்லாம் மங்கி போகும். அதே டி, எம், இ, எஸ், ஜி கமாண்டுல எர்ரர் மைனஸ் 71னு திரும்ப திரும்ப வந்துச்சுன்னா டிரைவர தேடாதீங்க, பேச்சே சரியா போய் சேரலன்னு அர்த்தம், ஒயர மாத்துங்க, ஹப்ப கழட்டிட்டு சிபியு பின்னாடி போர்ட்ல நேரா மாட்டுங்க. யூஎஸ்பி 2 போர்ட்டு ஒண்ணுக்கு 500 மில்லி ஆம்பியர்தான் கணக்கு, தனி அடாப்டர் இல்லாத ஹப்புல ஸ்கேனர், பென்டிரைவ், வெப்கேம்னு எல்லாத்தையும் மாட்டிட்டு லினக்ஸ திட்டுறதுல நியாயமே இல்ல. பேப்பர் பண்டல தொறந்து போட்டா ஈரம் ஏறி சுருண்டு சிக்கும், லேசர் பிரிண்டர்ல இருந்து ஆவி கூட வரும், புகைன்னு பயந்து ஆஃப் பண்ணிட்டு வந்தவங்க உண்டு. பாமினி ஃபாண்ட்ல அடிச்ச ஃபைலு கிறுக்கலா தெரியுறதுக்கு பிரிண்டர் என்ன பண்ணும், அந்த ஃபாண்ட் கம்ப்யூட்டர்ல இல்ல, அவ்வளவுதான்.

லினக்ஸ்ல ஒரு கொறையும் இல்லன்னு நான் சொல்ல வரல. சில சின்ன லேசர் பிரிண்டருக்குள்ள அத ஓட்டுற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர் தங்காது, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்ல இருந்து ஏத்தணும், ஹெச்பி லேசர்ஜெட் 1020 அந்த ரகம். அதுக்கு ஹெச்பி பிரிண்டருக்கான லினக்ஸ் சாஃப்ட்வேர் ஹெச்பிலிப்போட சேத்து தனி பிளக்இன் வேணும், ஹெச்பிலிப் அப்டேட் ஆச்சுன்னா பிளக்இன்னும் அதே வெர்ஷன்ல இருக்கணும், இல்லன்னா நேத்து வரைக்கும் ஓடுனது இன்னைக்கு நிக்கும். இந்த மாதிரி பிரிண்டர் வச்சிருக்கிறவங்க அப்டேட் பண்ணுன அன்னைக்கே ஒரு பக்கம் அடிச்சு பாத்துக்கிறது நல்லது. ஆனா புதுசா வாங்குறவங்க எதுக்கு இதுல போயி மாட்டணும்? பெட்டியில ஏர்பிரிண்ட் முத்திரை இருக்கான்னு பாருங்க. அது ஐபோனுக்குன்னு கடைக்காரரே நெனச்சிட்டு இருப்பார், ஆனா அந்த வகை பிரிண்டரு புது லினக்ஸ்ல தனி டிரைவரே இல்லாம ஓடிடும். பள்ளிக்கூடத்துக்கும் சொசைட்டிக்கும் கொட்டேஷன் வாங்குறவங்க இந்த ஒரு வார்த்தைய எழுதி கேட்டா போதும். ஊட்டி, குன்னூர் கடையில வாங்குறதா இருந்தா ஒரு பென்டிரைவ்ல லைவ் லினக்ஸ போட்டு எடுத்துட்டு போங்க, இன்ஸ்டால் பண்ணாமலே கடை லேப்டாப்புல பூட் பண்ணி அடிச்சு பாத்துட்டு காசு குடுக்கலாம், நல்ல கடைக்காரரு மாட்டேன்னு சொல்ல மாட்டார்.

2011ல அரசு பிள்ளைங்களுக்கு குடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புலயே விண்டோஸ் கூட நம்ம நாட்டு லினக்ஸான பாஸ் லினக்ஸும் வந்துச்சு, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்காரங்க செஞ்சது. அத தொறந்து பாத்த பிள்ளைங்க எத்தன பேரு இருப்பாங்க? தொறந்தவங்களுக்கும் பிரிண்டர் மாட்டுறது எப்படின்னு தமிழ்ல சொல்லி குடுக்க ஆளு கம்மி, அந்த எடத்துலதான் உங்க பகுதி மாதிரி ஒண்ணு இருக்கணும்னு நான் ஆசப்படுறேன்.

அதனால ஒரு வேண்டுகோள். இனிமே இந்த மாதிரி கேள்வி வந்தா வாசகர்கிட்ட மூணே மூணு சேதி எழுதி அனுப்பச் சொல்லுங்க. எல், எஸ், யூ, எஸ், பின்னு அடிச்சா அந்த சாமான் பேரும் நம்பரும் வரிசையில இருக்கா, எல்பிஸ்டாட் போட்டு இடைவெளி விட்டு மைனஸ் டி (டேபிள்ல வர்ற டி) அடிச்சா பிரிண்டர் நிலைமை என்னன்னு சொல்லுது, மாட்டுன நேரத்துல கெர்னல் எழுதுன கடைசி சில வரி என்ன. மொத வரிசையில சாமானே இல்லன்னா ஒயரு, போர்ட்டு, கரண்டு. சாமான் இருந்தும் அச்சு வரலன்னா கியூவு, பர்மிஷன், டிரைவர். இத பாத்துட்டு பதில் சொல்றவரு மாறித்தான் ஆகணும்னு சொன்னா நானும் ஒத்துக்கிறேன். கூடலூர் வாசகர் இன்னும் லினக்ஸ அழிக்காம இருந்தார்னா அடுத்து பிரிண்டர் நிக்கும்போது எதையும் கழட்டாம மொதல்ல அந்த லோக்கல்ஹோஸ்ட் பக்கத்த தொறந்து பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.