ஊத முடியாத ஈ பிளாட் கிளாரினெட்டைச் சரிசெய்து அல்லது மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
பேண்டு வாத்தியப் பயிற்சியாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இசைக்கருவி விற்பனை நிறுவனம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளியின் பேண்டு குழுவுக்காகத் தங்களிடம் வாங்கிய ஈ பிளாட் கிளாரினெட், பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே ஊத முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கிறது. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் இதைத் தெரிவித்தபோதெல்லாம், "சின்ன கிளாரினெட் என்றால் அப்படித்தான் இருக்கும், பிள்ளைக்கு மூச்சு போதவில்லை, மெல்லிய ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) போட்டுப் பாருங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இக்கடிதத்தைத் தங்கள் பழுதுபார்க்கும் பிரிவில் உள்ளவரிடம் அவசியம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கமான பி பிளாட் கிளாரினெட் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஈ பிளாட் சுமார் 49 சென்டிமீட்டர்தான். வாயில் வைக்கும் மவுத்பீஸும் ரீடும் சிறியவை, உள்துளையும் குறுகலானது. பெரியதிலிருந்து இதற்கு மாறுபவருக்கு உதட்டுப் பிடிப்பு அமையச் சிறிது காலம் ஆகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரமம் எல்லாச் சுரங்களிலும் இருக்க வேண்டும். இந்தக் கருவியிலோ, விரல் எதுவும் வைக்காமல் ஊதும் ஜி சுரம் சுலபமாகப் பேசுகிறது. இடது கை ஆள்காட்டி விரலால் துளையை மூடும்வரை குறை தெரியவில்லை. நடுவிரலாலும் மூடியதும் ஒலி திணறத் தொடங்கி, வலது கை விரல்கள் சேரச் சேர அடங்கிப் போய், கடைசியில் உள்ள கீழ் ஈ சுரம் வரவே மறுக்கிறது. இது மூச்சுக் குறைவின் அடையாளம் அன்று, கசிவின் அடையாளம்.

ரீடையும் மவுத்பீஸையும்தான் முதலில் சந்தேகித்தேன். 2.5 எண் ரீடுக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 2 எண் போட்டும் நிலைமை மாறவில்லை. நன்றாகப் பேசும் வேறொரு ஈ பிளாட் கிளாரினெட்டின் மவுத்பீஸை ரீடோடு எடுத்து இதில் பொருத்தினால் அதே திணறல். தங்கள் மவுத்பீஸை அந்தக் கருவியில் பொருத்தினால் தடையின்றி ஒலிக்கிறது. கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் இவ்வூரில் இந்த வாத்தியத்தை நன்கு அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீண்ட காலமாகக் கச்சேரிகளில் வாசித்துவரும் ஒருவரிடம் கொடுத்தபோது அவருக்கும் கீழ்ச் சுரங்கள் இறங்கவில்லை.

பிறகு மேல் பகுதியைத் தனியே கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிப்புறத்தை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சிப் பார்த்தேன். சரியான கருவியில் அந்த உறிஞ்சல் சற்று நேரம் பிடித்து நிற்கும். இதில் உடனே விட்டுப்போகிறது. சிகரெட் தாளின் மெல்லிய துண்டை ஒவ்வொரு பேடின் (துளையை மூடும் சிறு மெத்தையின்) அடியிலும் வைத்து இழுத்தபோது, வலது ஆள்காட்டி விரலால் திறக்கும் பக்கவாட்டுக் கீகளில் (நெம்புகோல்களில்) அடியில் உள்ளதன் பேட், ஒரு பக்கத்தில் தாளைப் பிடிக்கவே இல்லை. அந்தப் பேடின் தோலில் துளை விளிம்பின் தடம் பாதி வட்டம் மட்டுமே ஆழமாகப் பதிந்திருக்கிறது, மறுபாதியில் தடமே இல்லை. பேடைச் சாய்வாக ஒட்டியிருக்கிறார்கள். இது போதாதென்று, இரு பகுதிகளையும் இணைக்கும் பிரிட்ஜ் கீயும் மேலே தூக்கி நிற்பதால், நேராகப் பொருத்திய நிலையிலும் வலது கைத் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களை அழுத்தும்போது அவற்றுக்குரிய பேட் முழுமையாக மூடாமல் மயிரிழை அளவு திறந்தே இருக்கிறது. உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆனதால், ஈரத்தில் மரம் வீங்கிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை.

மெல்லிய ரீட் என்ற ஆலோசனை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அது கசிவை ஓரளவு மறைக்கலாம், அடைக்காது. சுருதி தாழும், மேல் ஸ்தாயியில் ஒலி சிதறும். பேண்டில் உச்சச் சுரங்களை ஏந்திச் செல்லும் வாத்தியத்துக்கு இவை சிறிய குறைகள் அல்ல. பி பிளாட் கிளாரினெட்டைத் தெளிவாக வாசிக்கும் மாணவி, இந்தக் கருவியோடு போராடி ரீடைக் கடித்து ஊதப் பழகிவிட்டாள். தனக்கு மூச்சுப் பலம் இல்லை என்றும் நம்பத் தொடங்கியிருக்கிறாள். கருவியின் குறையைப் பிள்ளையின் குறையாகச் சொன்னதால் வந்த விளைவு இது.

வெளியில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று தங்கள் அட்டையிலேயே அச்சிட்டிருப்பதால், இங்கே யாரையும் கைவைக்க விடவில்லை. ஆகவே, போக்குவரத்துச் செலவைத் தாங்களே ஏற்று இக்கருவியைத் திரும்பப் பெற்று, பேடைப் புதிதாகப் பொருத்தி, பிரிட்ஜ் கீயைச் சரிசெய்து, கீழ் ஈ சுரம் வரை ஊதிச் சோதித்துத் தர வேண்டும். இயலாவிடில் சோதித்த வேறு கருவியை அனுப்ப வேண்டும் அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேண்டு வாத்தியப் பயிற்சியாளர்

இணைப்பு: பில் நகல், உத்தரவாத அட்டை நகல், பேடின் புகைப்படங்கள், இரு கருவிகளையும் ஊதிக் காட்டும் ஒளிப்பதிவு.