செந்தூலுக்கு ஒரு நிழல் கணக்கு

பினாங்கு,
ஆகஸ்டு 24

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மாணிக்கத்துக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. பெரிய அக்கா வழக்கம்போல எல்லோர் மேலும் கோபமாக இருக்கிறாள்.

பேத்தியோடு வீட்டில் செய்ய ஏதாவது சோதனை சொல் என்று கேட்டிருந்தாய். சமையலறையிலேயே இருக்கிறதே! சங்குப்பூவை வெந்நீரில் போட்டு, நீலம் இறங்கியதும் எலுமிச்சை பிழி. ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவக்க வைப்பாய் அல்லவா, அதிலே எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பை மட்டும் நீயே எடுத்துப் போடு, கண்ணில் பட்டால் ஆபத்து.

ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

போன வாரம் யுகன் கார் நிறுத்துகிற இடத்தில் துடைப்பக் கட்டையை நட்டு, அதன் நிழலுக்குச் சாக்பீசால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். உச்சி வேளை 12 மணி என்றுதானே சொல்கிறார்கள், இங்கே மிகக் குட்டையான கோடு ஒன்றே காலைத் தாண்டி வருகிறதே, ஏன் என்று கேட்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! நம் கடிகாரம் 120 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தில் ஓடுகிறது, பினாங்கு இருப்பதோ 100 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 80 நிமிடம் வந்துவிடும். 1982 ஜனவரி முதல் தேதி கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்களே, உன் அப்பா எத்தனை மாதம் "புது நேரமா, பழைய நேரமா?" என்று தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்! அதையும் அவனிடம் சொன்னேன்.

அப்புறம் அவன் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பாட்டி, பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கே, யார் டேப்பு பிடிச்சு அளந்தா?"

இந்தப் பிள்ளைகளுக்கு எல்லா விடையும் தெரிகிறது சரசு. எப்படித் தெரியும் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது. நாளைக்கு யார் எந்தப் பொய்யைச் சொன்னாலும் இதே வேகத்தில் நம்பிவிடுவார்கள். ஒன்றையாவது அவர்கள் கையாலேயே அளந்து தெரிந்துகொள்ளட்டும். அதற்கு நீ வேண்டும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த கணக்குதான். தெற்கே சையீனில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிற நாளில், வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழலை அளந்தார். சாய்வு ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப்போல் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு.

செப்டம்பர் 8, 9 தேதிகளில் பினாங்கில் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும். நட்ட கழிக்கு நிழலே இருக்காது. அதே நாள் உச்சி வேளையில் கோலாலம்பூரில் உன் செந்தூலில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நிழல், தெற்குப் பக்கமாக விழும். வெறும் குச்சியை நடாதே. சூரியன் அரை டிகிரி அகலம் இருப்பதால் நிழலின் நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மங்கிப்போகும். ஓர் அட்டையில் ஆணியால் துளை போட்டு, தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்டு. துளையிலிருந்து நூலில் ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டு, அது தொடுகிற இடத்தில் புள்ளி வை. நூலை எடுத்துவிட்டால் துளை வழியாகத் தரையில் சின்ன ஒளிவட்டம் விழும். பகல் ஒரு மணியிலிருந்து அதன் நடுவைக் குறித்துக்கொண்டே வா. ஒன்று பத்து வாக்கில் புள்ளிக்கு மிக அருகே வரும், அந்தத் தூரத்தை அள. பேத்தி தரையைப் பார்க்கட்டும், சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது.

கணக்கு சுலபம். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 628 சென்டிமீட்டர். அதில் 4 எத்தனை தரம் போகும்? 157. அதை இரண்டு ஊருக்கும் உள்ள வடக்கு-தெற்குத் தூரத்தால் பெருக்க வேண்டும். நெடுஞ்சாலைத் தூரத்தை எடுக்காதே, கோலாலம்பூர் நமக்குத் தென்கிழக்கில் அல்லவா இருக்கிறது! வரைபடத்தில் பினாங்கிலிருந்து கிழக்கே கோடு இழுத்து, அங்கிருந்து நேர் கீழே அளந்தால் சுமார் 250 கிலோமீட்டர். பெருக்கிப் பார், 39,250 வரும்! ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஆயிரம் கிலோமீட்டர் மாறிவிடும், பரவாயில்லை. எங்கே பிசகியது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

மழைக்காலம், மேகம் மறைத்தாலும் மறைக்கும். அப்படியானால் இரண்டு ஊரிலும் வெயில் அடிக்கிற வேறு ஒரு நாளில் செய்வோம். நிழல்கள் எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் அளவுகளைக் கூட்ட வேண்டும், ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். கணேசனிடம் மட்டும் அளக்கக் கொடுக்காதே, வேலி போட்ட கதை உனக்கே தெரியும்.

அளவை அன்றைக்கே யுகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பச் சொல். உன் எண் வராமல் விடையைப் புத்தகத்தில் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
மலர்