திரி அன்று, சக்கிமுக்கிக் கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எல்லைப்புறக் குடியேறிகளின் பாணியில் நடைபெறும் பழங்காலத் துப்பாக்கிப் போட்டிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தத் துப்பாக்கிகளைத் திரி கொளுத்திச் சுடுவதாக அதில் எழுதியிருப்பது பிழை. திரித் துப்பாக்கி அந்தத் துப்பாக்கிகளுக்கும் முந்தையது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீள்குழல் துப்பாக்கியில், விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி தெறிக்க, அது பக்கவாட்டுக் கிண்ணியிலுள்ள நயமான வெடிமருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் இருக்கும் கருமருந்தை எட்டுகிறது.

இப்போட்டிகளை 'வேடம் கட்டிச் சுடும் கேளிக்கை' என்று கட்டுரையாளர் முடித்துவிட்டதும், இண்டியானாவில் வசித்துக்கொண்டு நான்காண்டுகளாக இப்போட்டிகளில் கலந்துகொள்ளும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. (தோலாடை அணிவது உண்மைதான், வெயிலில் அது கேளிக்கையன்று.) வெடிமருந்தை, அதை வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது, முந்தைய வேட்டின் கங்கு உள்ளே கனன்றுகொண்டிருந்தால் கையிலுள்ள கொம்பே வெடித்துவிடும் என்பதால், தனி அளவையில் அளந்து போட்டு, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை இறக்க வேண்டும். சென்ற ஆண்டு பேச்சு சுவாரசியத்தில் மருந்தே போடாமல் குண்டை இறக்கிவிட்டேன். பிறகு கிண்ணியை ஒட்டிய அந்தச் சிறு துளை வழியே சிட்டிகை சிட்டிகையாக மருந்தைச் செலுத்திச் சுட்டபோது, குண்டு சில அடி தள்ளித் 'தொப்'பென்று விழுந்தது. எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறுதான் என்று நடுவர் ஆறுதல் சொன்னாரே தவிர, மதிப்பெண் தரவில்லை.

துப்பாக்கியோடு போட்டி முடிந்துவிடுவதுமில்லை. கைக்கோடரியும் கத்தியும் எறிய வேண்டும். நிறுத்திவைத்த கோடரியின் கூர்வாயில் குண்டைச் செலுத்தி, அது இரண்டாகப் பிளந்து இருபுறமுள்ள களிமண் வட்டுகளையும் உடைக்கும்படி சுட வேண்டும். என்னை அதிகம் திணறடிப்பது தீமூட்டல்தான். கருக்கிய பருத்தித் துணியில் பொறியை ஏந்தி, நார்க்கூட்டுக்குள் வைத்து, சுடர் எழும்வரை ஊத வேண்டும். அவசரப்பட்டுப் பலமாக ஊதினால் பொறி சிதறிவிடும், தயங்கினால் அவிந்துவிடும்.

இண்டியானாவின் ஃபிரண்ட்ஷிப் ஊரில் திடல் வைத்திருக்கும் தேசிய முன்வாய்த் துப்பாக்கி (குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கி) சங்கம் 1933இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேணப்படும் இக்கலையைப் பற்றி எழுதுகையில் திரிக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம் என்பதால், அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இண்டியானா வாசகர்