தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்து வெருலம், டொங்காட் தோட்டக்காரங்க எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்க கோயில் சமையல்கட்டு ஆளுங்க பதினாலு பேரு ரெண்டு பக்கி வண்டில (பின்னாடி திறந்த சின்ன லாரி) திமுதிமுன்னு வந்து இறங்கினோம், அறுப்பு நேரம்னு கூட பாக்காம மூணு தோட்டத்துலயும் நின்னு நிதானமா காட்டினீங்க. கிளம்புற அவசரத்துல சரியா நன்றி கூட சொல்லல, அதான் எழுதுறேன்.

ஏன் வந்தோம்னா, போன வருஷம் புரட்டாசி அன்னதானத்துல சாப்ட்ட சில பிள்ளைங்களுக்கு வயித்தால போச்சு. கொத்தமல்லி சட்னியா வேற எதாவதான்னு கடைசி வரைக்கும் தெரியல, ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. 2018ல போலோனிங்கிற பதப்படுத்தின கறில இருந்துதான் லிஸ்டீரியா கிருமி பரவுச்சுன்னு சொன்னாங்களே, 200 பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க, அப்ப கூட அது கறி சமாச்சாரம், கோயில் சாப்பாட்டுக்கு என்னன்னு இருந்துட்டோம். பச்சையா அரைக்கிற இலைக்கும் அதே பயம் வேணும்.

வெருலம் ஆயா, கோழி எரு குவியல்ல கம்பிய சொருகி கொஞ்ச நேரம் கழிச்சு உருவி என் கைல குடுத்தீங்களே, அப்பா, என்னா சூடு! இந்த சூட்டுலதான் கிருமி சாகும், பச்சை எருவ கீரைக்கு போடவே கூடாதுன்னு நீங்க சொன்னத எங்க பசங்க வீட்டுக்கு போயும் சொல்லிட்டே இருக்காங்க.

டொங்காட் அண்ணா, 2022 ஏப்ரல் வெள்ளத்துல தண்ணி சுத்தம் பண்ற இடமே போயி மாசக்கணக்கா குழாய் காஞ்சு கிடந்தப்ப, ஆத்து தண்ணி பக்கத்துலயே ஓடியும் அதுல கீரைய அலசாம, லாரி தண்ணிய ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க்ல பிடிச்சு வெச்சு அலசினேன்னு சொன்னீங்க. கையெடுத்து கும்பிடணும்.

அப்புறம் மூணாவது தோட்டத்து அக்கா. கத்திரிக்காய் பாத்தி ஓரத்துல செவப்பு துணி கட்டியிருந்துச்சு, காய் பளபளன்னு இருந்துச்சு, ரெண்டு பை வேணும்னு நான் காசையும் எடுத்துட்டேன். நீங்க குடுக்கல. "செவ்வாக்கெழமதான் மருந்து அடிச்சேன், டப்பால போட்டிருக்கிற நாள் முடியட்டும், அதுக்கப்புறம் வா கண்ணு"ன்னு சொல்லிட்டு, பிரவுன் அட்டை போட்ட ஸ்கூல் நோட்ட விரிச்சு எந்த பாத்தி, என்ன மருந்து, என்னிக்கு அடிச்சது, என்னிக்கு பறிக்கலாம்னு விரல் வெச்சு காட்டினீங்க. கைக்கு வந்த காச வேணாம்னீங்களே, அதுக்குத்தான் இந்த லெட்டரே.

எங்க சமையல்கட்டுலயும் இப்ப ஒரு நோட்டு தொங்குது. எந்த இலை எங்கிருந்து வந்துச்சு, யாரு கழுவினா, எத்தன மணிக்கு அரைச்சோம், எல்லாம் எழுதுறோம்.

அக்கா, அந்த பாத்திக்கு நாள் முடிஞ்சதும் ஒரு போன் அடிங்க, மூணு பை எங்களுக்கு எடுத்து வெச்சிடுங்க.