கீழ்வாய்ப் பெட்டியும் ஒரு பில் புத்தகமும்

அன்புள்ள மகளுக்கு,

தண்டையார்பேட்டையிலிருந்து அம்மா எழுதுவது. உன் புதிய ஸ்பீக்கர் பெட்டி தங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று உனக்கு வந்த வக்கீல் நோட்டீசையும், அதனுடன் இருந்த காப்புரிமை ஆவணத்தையும் நீ அனுப்பியபடி மூன்று முறை படித்துவிட்டேன். "இதெல்லாம் அப்பா அந்தக் காலத்திலேயே செய்ததுதானே" என்று நீ போனில் பொருமியது நியாயம்தான். ஆனால் அதையே பதிலாக எழுதி அனுப்பிவிடாதே. தம்புச் செட்டித் தெரு வக்கீல் அலுவலகத்தில் 28 ஆண்டுகள் தட்டச்சு செய்தவள் நான். 'ஊருக்கே தெரிந்த விஷயம்' என்று சொல்லிக்கொண்டு வந்த கட்சிக்காரர்களிடம் எங்கள் சீனியர் கேட்ட முதல் கேள்வி, தேதி போட்ட தாள் இருக்கிறதா என்பதுதான்.

ஆவணத்தின் முன்பக்கத்து வர்ணனையையும் படங்களையும் பார்த்துக் கோபப்படுவதில் பயன் இல்லை. உரிமை முழுவதும் கடைசிப் பக்கங்களில் எண் போட்டு எழுதியிருக்கும் கிளெய்ம்களில், அதாவது உரிமைக் கோரிக்கைகளில்தான் இருக்கிறது. முதல் கிளெய்மைப் பென்சிலால் மூன்று துண்டாக்கினேன்: ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி, அதன் அடியில் முழு அகலத்துக்கும் ஓடும் வாய், அந்த வாய்க்குள் நகர்ந்து காற்று ஓடும் வழியின் நீளத்தை மாற்றும் பலகை. நான்காவது கிளெய்ம் இவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறது: பெட்டிக்கு வெளியே இருக்கும் திருகைச் சுழற்றினால் பலகை நகர வேண்டும். புதுமை இல்லை என்று ஒரு கிளெய்மை வீழ்த்த வேண்டுமானால், அதன் எல்லாத் துண்டுகளும் அவர்களுடைய முன்னுரிமைத் தேதியான (முதலில் விண்ணப்பித்த நாள்) 2019 மார்ச்சுக்கு முன்பே, ஒரே ஆவணத்தில் அல்லது ஒரே பொருளில் இருந்திருக்க வேண்டும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பொறுக்கிச் சேர்ப்பது வேறு வாதம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா செய்த கீழ்வாய்ப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். நிலையான தட்டுக்கு அடியில் இன்னொரு பலகை இருக்கும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது குறுகிய சந்தில் பாட்டு போட்டால் பாஸ் குமுறும் என்பதால், வாய்க்குள் கையை விட்டு அந்தப் பலகையைக் கட்டையால் தட்டி உள்ளே தள்ளுவார். வழி நீண்டால் அதில் இருக்கும் காற்றின் கனம் கூடி, பெட்டி முழங்கும் சுருதி கீழே இறங்கும். காசிமேட்டுத் திறந்தவெளிக்குப் போனால் பலகையை வெளியே இழுத்துவிடுவார். ஆக, முதல் கிளெய்மின் மூன்று துண்டுகளும் அந்தப் பெட்டியில் இருந்தன.

இருந்தன என்று நானும் நீயும் சொன்னால் போதாது. நம் கல்யாண ஆல்பங்களில் பெட்டியின் முகம் தெரிகிறது, உள்ளே இருக்கும் பலகை தெரியவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் தச்சர் பென்சிலால் எழுதிய தேதியை நேற்று எழுதியது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ஆகவே பரணிலிருந்து பழைய பில் புத்தகங்களை இறக்கினேன். 19.07.2003 அன்று திருவொற்றியூர் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவருக்கு விற்றதற்கான கார்பன் நகல் கிடைத்தது: "15 அங்குல பாஸ் பெட்டி 2, கீழ்வாய், உள்ளே தள்ளுபலகையுடன்." கையெழுத்து என்னுடையது. இவ்வளவு நீளமாக எதற்கு, 'பெட்டி 2' என்று போட்டால் போதாதா என்று அன்று நான் அலுத்துக்கொண்டதும், பலகைக்கென்று தனியாக நூறு ரூபாய் வாங்கியிருக்கிறேன், எழுது என்று அப்பா சொன்னதும் நினைவுக்கு வந்தது. கார்பன் மங்கி ஊதா நிறமாகிவிட்டது, ஆனால் 'தள்ளுபலகை' தெளிவாக இருக்கிறது. முன்னும் பின்னும் வரிசை எண் குலையாமல் மற்ற பில்கள் இருப்பதுதான் இதன் பலம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்னும் வாங்கிய திருவொற்றியூர்க்காரரிடமே இருக்கிறது. வாடகைக்கு விட்டு வெளிப்படையாகப் பயன்படுத்திய பொருள், ரகசியம் எதுவும் இல்லை. தாயின் சாட்சியத்தைவிட வாங்கியவரின் பிரமாணப் பத்திரத்துக்கு மதிப்பு கூடுதல் என்பதால் அவரிடம் பேசிவிட்டேன், கையெழுத்திடச் சம்மதித்தார்.

இப்போது உனக்குப் பிடிக்காத பகுதி. அப்பாவின் பெட்டியில் வெளித் திருகு கிடையாது, உன் புதிய மாடலில் இருக்கிறது. எனவே நான்காவது கிளெய்முக்கு இந்த பில் மட்டும் பதிலாகாது. அங்கே, இத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு இது எளிதாகத் தோன்றியிருக்கும் என்ற வாதத்தைத்தான் வைக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துக் காட்டலாம். பெட்டியில் திறப்பு வைத்துப் பாஸை வலுப்படுத்துவதை ஆல்பர்ட் துராஸ் 1930 இல் விண்ணப்பித்து, 1932 இல் அமெரிக்கக் காப்புரிமையாகப் பெற்றார். காலாவதியான காப்புரிமை யாரையும் தடுக்காது, ஆனால் ஆவணமாக என்றும் நிற்கும். பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துவைக்கும் முறை பற்றிய பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில், வெறும் பட்டறைச் சீர்திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் 1978 இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலிருந்து எத்தனை பத்திகளை நான் தட்டச்சு செய்திருப்பேன்! தள்ளும் பலகைக்குத் திருகு வைப்பது பட்டறைச் சீர்திருத்தம்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் இது முதல் வாதத்தைப் போலக் கெட்டியானது அல்ல. இப்படித் திருகு வைப்பதைப் பற்றிய பழைய ஆடியோ பத்திரிகைக் கட்டுரை ஏதாவது கிடைக்கிறதா என்று கன்னிமாரா நூலகத்தில் பார்க்கப் போகிறேன். நூலக முத்திரையில் இருக்கும் தேதி நமக்கு உதவும். அதுவரை திருகு மாடலை விற்பதை நிறுத்திவை.

புகழ்பெற்றவர்களின் காப்புரிமையும் இப்படி விழுந்திருக்கிறது. காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டியில் நல்ல பாஸ் வரவழைத்த எட்கர் வில்சர் 1956 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்டி உலகப் புகழ் அடைந்தது. ஆனால் ஹாரி ஓல்சன் 1949 லேயே பெற்றிருந்த காப்புரிமையைக் காட்டிப் போட்டி நிறுவனம் ஒன்று அதை நீதிமன்றத்தில் வீழ்த்தியது. வில்சர் நேர்மையற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. அதுபோல நோட்டீஸ் அனுப்பியவர்களைத் திருடர்கள் என்று நம் மனுவில் எழுத வேண்டாம். திருவொற்றியூர் பெட்டியை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

காலக்கெடுவைக் கவனி. காப்புரிமை வழங்கப்பட்டது காப்புரிமை அலுவலக இதழில் வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(2)-இன் கீழ் எதிர்ப்பு மனு போடலாம். எட்டு மாதம் போய்விட்டது. படிவம் 7, பாதிக்கப்படும் தொழிலில் இருப்பவர் என்ற முறையில் உன் பெயரில், கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு. மூவர் கொண்ட எதிர்ப்புக் குழு ஆவணங்களைப் பார்த்துப் பரிந்துரை செய்யும். இந்தக் கெடு தவறினால் பிரிவு 64-இன் கீழ் உயர் நீதிமன்றம்தான்; அது நமக்குத் தூரம் இல்லை என்றாலும் செலவு அதிகம்.

பில் புத்தகத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதே, பக்கத்தைக் கிழித்தும் தர மாட்டேன். வரும் வாரம் ஒரு நாள் ஒதுக்கி வா. உன் வக்கீலும் புகைப்படக்காரரும் கூட இருக்கும்போது திருவொற்றியூரில் அந்தப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றலாம். அளவு நாடாவும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவரும் எடுத்து வா, அப்பாவுடையது துருப்பிடித்துவிட்டது.

அன்புடன்,
அம்மா